உடற்கொழுப்பை அளக்கும் கருவிகள்: எதனை எவ்வளவு நம்பலாம்?

கூட்டுறவுச் சங்கம் எதுவாயினும் அதன் உயிர் அளவில் இருக்கிறது. நெல் வாங்கும் இடத்தில் தராசு தவறினால் உழவர் நட்டமடைவார். நூல் வழங்கும் இடத்தில் நூலின் நம்பர் தவறினால் நெய்த துணியின் கனமும் நெருக்கமும் மாறிப்போகும். ஆகவேதான் தராசுக்குக் காலந்தோறும் முத்திரை பெறுகிறோம், படிக்கல்லைச் சரிபார்க்கிறோம். பொருளை அளக்கும் கருவியிடம் இத்துணைக் கண்டிப்புக் காட்டும் நாம், நமது உடலை அளக்கும் கருவியிடம் அதே கண்டிப்பைக் காட்டுகிறோமா?

இக்கேள்விக்குக் காரணம் உண்டு. உடற்பயிற்சிக் கூடங்களிலும் மருத்துவ முகாம்களிலும் உடற்கொழுப்பை அளந்து சொல்லும் கருவிகள் இன்று பெருகியிருக்கின்றன. காலணியைக் கழற்றிவிட்டு ஒரு தட்டின்மேல் ஏறி நின்றால் போதும், "கொழுப்பு 31.4 சதவிகிதம்" என்று அரை நிமிடத்தில் ஓர் எண் தோன்றுகிறது. அவ்வெண்ணைக் கண்டு சிலர் அஞ்சுகின்றனர். சிலர் நமக்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியடைகின்றனர். அங்கத்தினர் நலனுக்காகச் சங்கமே இத்தகைய கருவி ஒன்றை வாங்கலாமா என்ற எண்ணமும் ஆங்காங்கே எழுகிறது. வாங்குமுன் அதன் தரத்தை ஆராய்வது நமது கடமை. அதற்கு உதவுவதே இப்பாடத்தின் நோக்கம்.

வடசென்னைக்கு இது ஏன் வேண்டும்?

இராயபுரத்தாருக்கு நீரிழிவு புதிய செய்தி அன்று. 1948ஆம் ஆண்டில் பேராசிரியர் எம். விசுவநாதன் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவு நோயாளிகளுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். 1954இல் இராயபுரத்திலேயே அந்நோய்க்கென ஒரு மருத்துவ நிலையத்தை நிறுவினார். ஆக, இப்பகுதி மக்கள் இந்நோயுடன் பல தலைமுறைகளாகப் போராடி வருகின்றனர்.

இதற்கிடையில் தொழிலின் தன்மையும் மாறிவிட்டது. துறைமுகத்தில் மூட்டை சுமந்த தோள்களின் வேலையைப் பாரந்தூக்கிகள் ஏற்றுக்கொண்டன. திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊராகும். அவர் பெயரே திரிந்து ஊர்ப் பெயராயிற்று. அன்று குழித்தறியில் அமர்ந்து நாள் முழுவதும் கால்மிதித்து நெய்தவர்களின் வழித்தோன்றல்களுள் எத்தனையோ பேர் இன்று நாற்காலியில் அமர்ந்து பிழைக்கின்றனர். உண்ணும் சோறு குறையவில்லை. உழைக்கும் நேரம் குறைந்துவிட்டது.

கொழுப்பு உடலுக்குப் பகையன்று. அது சேமிப்பு, பசித்த நாளுக்குக் கை கொடுப்பது. ஆனால் தோலுக்கடியில் சேரும் கொழுப்பும், வயிற்றுக்குள் கல்லீரல், குடல் முதலிய உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பும் ஒன்றல்ல. பின்னதே நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் பெரிதும் வழிகோலுகிறது. ஆகவே ஒருவரிடம் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதோடு, எங்கே இருக்கிறது என்பதையும் நாம் அறிய வேண்டும். இவ்விரு கேள்விகளையும் மனத்திற் கொண்டு கருவிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

கருவிக்கு வேண்டிய இரு குணங்கள்

ஒரு மூட்டை நெல்லை மூன்று முறை நிறுத்துப் பாருங்கள். மூன்று முறையும் ஒரே எடை காட்டினால் அத்தராசு மாறாத தராசு. ஆனால் மாறாத தராசு மெய்யான தராசாக இருந்தே தீரும் என்பதில்லை. இரண்டு கிலோ குறைத்துக் காட்டும் தராசு, மூன்று முறையும் அதே இரண்டு கிலோவைக் குறைத்துக் காட்டக்கூடும். மாறாமை ஒரு குணம். மெய்ம்மை வேறொரு குணம். நல்ல கருவிக்கு இரண்டும் வேண்டும்.

இரண்டில் ஒன்றே கிடைக்குமானால் அதற்கும் ஒரு பயன் உண்டு. மாறாத கருவி, அது மெய்யான எண்ணைக் காட்டாவிடினும், கூடுகிறதா குறைகிறதா என்பதைக் காட்டும். மாறிக்கொண்டே இருக்கும் கருவியோ எதற்கும் உதவாது.

இன்னொரு செய்தியையும் தொடக்கத்திலேயே தெளிந்துகொள்ள வேண்டும். உயிருள்ள மனிதனின் கொழுப்பை நேரடியாகப் பிரித்தெடுத்து நிறுக்கும் கருவி உலகில் இல்லை. எல்லாக் கருவிகளும் வேறு ஏதோ ஒன்றை அளந்து, அதிலிருந்து கொழுப்பைக் கணக்கிட்டுச் சொல்கின்றன. நெல்லின் ஈரப்பதம் காட்டும் கருவியை உழவர்கள் அறிவார்கள். அது நீரைப் பிழிந்து அளப்பதில்லை. நெல்லின் மின்தன்மையை அளந்து, முன்னரே வகுத்த கணக்கின்படி ஈரத்தைச் சொல்கிறது. ஒரு தானியத்திற்கு வகுத்த கணக்கை மற்றொரு தானியத்திற்கு வைத்தால் விடை பிழைபடும். உடற்கொழுப்புக் கருவியின் கதையும் இதுவே.

எடையும் உயரமும்

யாவரும் அறிந்த முறை, எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. இக்கணக்கை 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ப் கெத்தலே வகுத்தார். 1972இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஆன்செல் கீஸ் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். பி.எம்.ஐ. என்று மருத்துவர்கள் குறிப்பிடுவது இதனையே. உலகப் பொதுவில் 25க்கு மேற்பட்டால் மிகை எடை, 30ஐ எட்டினால் பருமன் என்பர். இந்தியர்களுக்கு இவ்வெல்லைகள் பொருந்தா என்று கண்ட நம் நாட்டு மருத்துவர்கள் ஒன்றுகூடி 23, 25 என்று எல்லைகளைத் தாழ்த்தினர்.

இதன் மாறாமை உயர்ந்தது. எடையும் உயரமும் எவர் அளந்தாலும் பெரிதும் வேறுபடா. இதன் மெய்ம்மையிலேதான் குறை. ஓர் உதாரணம் கொள்வோம். 165 சென்டிமீட்டர் உயரமும் 68 கிலோ எடையும் உடைய இருவர். ஒருவர் துறைமுகத்தில் பாரம் இழுப்பவர், மற்றவர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர். இருவருக்கும் பி.எம்.ஐ. ஏறத்தாழ 25. ஒருவரின் எடை தசையாலும் மற்றவரின் எடை தொந்தியாலும் வந்ததாக இருக்கலாம். கணக்கு இவ்விருவரையும் பிரித்தறியாது.

இது கற்பனை வாதம் அன்று. 1942இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பெங்கியும் அவருடைய துணைவரும் 25 தொழில்முறைக் கால்பந்து வீரர்களைச் சோதித்தனர். உயர எடை அட்டவணைப்படி அவர்களுள் 17 பேர் இராணுவச் சேவைக்குத் தகுதியற்ற மிகை எடையினர்! ஆனால் அவர்கள் உடலில் இருந்தது தசையேயன்றிக் கொழுப்பன்று.

நமக்கு இதைவிட முக்கியமானது இதன் மறுபக்கம். புனே நகரத்து மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் பேராசிரியர் ஜான் யுட்கினும் அருகருகே நிற்கும் படம் ஒன்று 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவிகிதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவிகிதம். பார்வைக்கு மெலிந்திருக்கும் இந்தியர் உள்ளே கொழுத்திருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. யாஜ்னிக்கின் குழுவினர் புனே வட்டாரச் சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளையும் ஆய்ந்தனர். இங்கிலாந்துக் குழந்தையின் சராசரி எடை சுமார் 3.5 கிலோ, நம் குழந்தையின் எடை சுமார் 2.7 கிலோ. தசையிலும் உறுப்புகளிலும் குறைந்திருந்த நம் குழந்தை, தோலடிக் கொழுப்பில் அவ்வளவாகக் குறையவில்லை. ஆகவே "நான் ஒல்லி, எனக்கு ஏது சர்க்கரை?" என்ற சமாதானம் நம் நாட்டில் செல்லாது.

நீரில் நிறுத்தல்

பெங்கி கையாண்ட முறை நீரில் மூழ்கவைத்து நிறுப்பதாகும். கொழுப்பு நீரில் மிதக்கும்; தசையும் எலும்பும் அமிழும். ஆகவே உடலின் அடர்த்தி தெரிந்தால் கொழுப்பின் பங்கைக் கணக்கிடலாம். 1961இல் வில்லியம் சிரி வகுத்த சூத்திரம் எளியது: 495ஐ அடர்த்தியால் வகுத்து, அதிலிருந்து 450ஐக் கழித்தால் கொழுப்பின் சதவிகிதம் கிடைக்கும்.

நெடுங்காலம் மற்ற முறைகளுக்கெல்லாம் இதுவே உரைகல்லாக விளங்கியது. எனினும் உரைகல்லிலும் ஒரு கீறல் உண்டு. மூச்சை முழுதும் வெளியேற்றிய பின்னும் நுரையீரலில் ஒரு லிட்டருக்குக் குறையாத காற்று பொதுவாகத் தங்கிவிடும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் நீருக்குள் 3.5 கிலோ நிற்கிறார் என்று கொள்வோம். ஒரு லிட்டர் காற்றைக் கழித்துக் கணக்கிட்டால் கொழுப்பு சுமார் 13 சதவிகிதம். கழிக்க மறந்தால் சுமார் 20 சதவிகிதம். ஒரு சிறு கவனக்குறைவு ஒருவரின் உடலையே மாற்றிக் காட்டிவிடுகிறது. மேலும், தொட்டியும் தேர்ந்த ஆட்களும் ஆய்வுக்கூடங்களில்தான் உண்டு.

தோல்மடிப்பு இடுக்கி

கையின் முன்புறமும் பின்புறமும், தோள்பட்டையின் கீழும், இடுப்பெலும்பின் மேலும் தோலைக் கொழுப்புடன் சேர்த்துக் கிள்ளி, அம்மடிப்பின் தடிப்பை இடுக்கியால் அளப்பது மூன்றாவது முறை. 1974இல் டர்னினும் வோமர்ஸ்லியும் 481 ஆண் பெண்களை இவ்வாறு அளந்து, நீரில் நிறுத்த விடையோடு ஒப்பிட்டுச் சூத்திரம் அமைத்தனர்.

கருவி மலிவானது. ஆனால் இதன் மாறாமை கருவியில் இல்லை, கையில் இருக்கிறது. கிள்ளும் இடம் ஒரு விரற்கடை தள்ளினாலும், தசையையும் சேர்த்துக் கிள்ளினாலும் எண் மாறும். இருவர் அளந்தால் இரு விடை. பயின்ற ஒருவரே தொடர்ந்து அளந்தால் மட்டும் ஒப்பிடலாம். மேலும், டர்னின் குழுவினர் அளந்தது ஸ்காட்லாந்து மக்களை; ஒரு நாட்டு உடலுக்கு வகுத்த சூத்திரம் மற்றொரு நாட்டு உடலுக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. வயிற்றின் உட்கொழுப்பை இவ்விடுக்கி தொடவும் இயலாது.

மின்சாரத் தட்டு

முகாம்களில் நாம் காணும் தட்டு இதுதான். உணர முடியாத அளவுக்கு மெல்லிய மின்னோட்டம் ஒரு பாதத்தின் வழி நுழைந்து மறு பாதத்தின் வழி வெளிவருகிறது. நீர் நிறைந்த தசை மின்சாரத்தை எளிதில் கடத்தும், கொழுப்பு தடுக்கும். இத்தடையை அளந்து, நாம் கொடுக்கும் வயது, உயரம், பால் ஆகியவற்றையும் சேர்த்துக் கருவி கணக்கிடுகிறது. ஆக, அது உண்மையில் அளப்பது உடலின் நீரையே.

இங்கே நெசவாளர்க்கு ஓர் உவமை கூறலாம். பஞ்சு நூல் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. உலர்ந்த நூல் 100 கிலோவுக்கு 8.5 கிலோ ஈரம் என்று வாணிகத்தில் ஒரு நிலை அளவு வகுத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் நிறுத்த கட்டையும் கோடையில் நிறுத்த கட்டையும் இக்கணக்கின்றி ஒப்பிட்டால் வீண் வழக்கே மிஞ்சும். உடலும் அவ்வாறே. எண்ணூர் வெயிலில் எட்டு மணி நேரம் உழைத்து வியர்த்து வந்தவர் தட்டில் ஏறினால், நீர் குறைந்த உடலில் தடை மிகும். கருவி அதனைக் கொழுப்பென்று கூட்டிச் சொல்லும். உண்டபின், குடித்தபின், உழைத்தபின் என்று எண் நாளுக்குள்ளேயே மாறும்.

மற்றொரு குறை அதனினும் பெரிது. பாதத்தில் நுழையும் மின்னோட்டம் கால்களின் வழியே சென்று திரும்புகிறது. வயிறோ அகன்றது, அகன்ற குழாயில் நீர் எளிதில் ஓடுவதுபோல அங்கே தடை குறைவு. ஆதலின் நமக்கு அச்சம் தரும் வயிற்றுக் கொழுப்பைப் பற்றி இத்தட்டுக்குத் தெரிவது சொற்பமே. கைகளையும் சேர்த்து அளக்கும் பெரிய கருவிகள் சற்று மேல். எனினும் ஒவ்வோர் உற்பத்தியாளரும் தம் சூத்திரத்தை வெளியிடாது காப்பதால் ஒன்றின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிடலாகாது. கர்ப்பிணிகளும், இருதயத்தில் மின்கருவி பொருத்தியவர்களும் இத்தட்டில் ஏறாதிருத்தல் நலம்.

இடுக்கியிலும் மின்சாரத் தட்டிலும் பிழை பொதுவாக 3 முதல் 4 சதவிகிதப் புள்ளிகள் வரை இருக்கும் என்பது ஆராய்ச்சியாளர் கணிப்பு. சிலருக்கு இன்னும் மிகும். "கொழுப்பு 28" என்று எண் வந்தால், அது 24 ஆகவும் இருக்கலாம், 32 ஆகவும் இருக்கலாம். நிலைமை இவ்வாறிருக்க, தசம புள்ளிக்குப் பின்வரும் எண்ணைப் பார்த்து மகிழ்வதும் வருந்துவதும் வீண் அல்லவா?

டெக்ஸா என்னும் கதிர்ப்படம்

இரு வேறு ஆற்றலுடைய எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, எலும்பு, கொழுப்பு, தசை ஆகிய மூன்றையும் பிரித்துக் காட்டுவது டெக்ஸா. எலும்புத் தேய்வை அறிய மருத்துவமனைகளில் உள்ளது இதுவே. யாஜ்னிக், யுட்கின் இருவரையும் அளந்ததும் இதுவே. கதிரின் அளவு மிகக் குறைவு. எனினும் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. மாறாமை, மெய்ம்மை இரண்டிலும் இது மேற்சொன்ன இடுக்கியையும் தட்டையும் விஞ்சி நிற்கிறது. ஆயினும் இதுவும் கணக்கே; வெவ்வேறு உற்பத்தியாளரின் கருவிகள் வெவ்வேறு எண் தருவதுண்டு. ஆராய்ச்சிக்கும், மருத்துவர் வேண்டும்போதும் இது ஏற்றது. அங்கத்தினர் அனைவரையும் ஆண்டுதோறும் இதில் படுக்கவைப்பது சங்கத்தின் சக்திக்கும் தேவைக்கும் அப்பாற்பட்டது.

அளவு நாடா

கடைசியாக, எல்லாவற்றிலும் எளியதற்கு வருவோம். தையற்காரர் தோளில் தொங்கும் நாடாதான் அது. நாடா கொழுப்பின் சதவிகிதத்தைச் சொல்லாது. ஆனால் நாம் தொடக்கத்தில் எழுப்பிய இரண்டாம் கேள்விக்கு, அதாவது கொழுப்பு எங்கே என்பதற்கு, மின்சாரத் தட்டைவிட நேரான விடை தருகிறது. மேலும், உடற்கொழுப்புச் சதவிகிதத்திற்கு உலகம் ஒப்பிய ஒரே எல்லை இல்லை. இடுப்புச் சுற்றளவுக்கோ இந்தியர்க்கென வகுத்த எல்லை உண்டு. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நாடெங்கும் நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. வயதுவந்தோருள் பி.எம்.ஐ. கணக்கில் பருமனானவர் 28.6 சதவிகிதம், நாடா கணக்கில் வயிறு பருத்தவர் 39.5 சதவிகிதம். எடைத் தராசு கைவிட்ட பலரை நாடா கண்டுபிடித்திருக்கிறது. பி.எம்.ஐ. மட்டும் போதாது, இடுப்பளவு போன்ற மற்றொன்றாலும் உறுதிசெய்ய வேண்டும் என்று 'லான்செட்' அமைத்த நிபுணர் குழுவும் 2025இல் கூறியுள்ளது.

சென்னை மக்களை ஆய்ந்து அந்நிறுவனம் 2005இல் வெளியிட்ட நீரிழிவு அபாயக் கணக்கு நம் சங்கங்களுக்கு மிகப் பொருத்தமானது. வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, பெற்றோரின் நோய் ஆகிய நான்கே கேள்விகள். மொத்தம் 100 புள்ளிகள். 60 அல்லது அதற்கு மேற்பட்டால் அபாயம் மிகுதி. இரத்தப் பரிசோதனை தேவை. இதற்கு வேண்டிய ஒரே கருவி நாடா.

நாடாவும் தவறக்கூடும். வேட்டி மடிப்பின் மேலோ, புடவைக் கொசுவத்தின் மேலோ அளந்தால் எண் கூடும். கடைசி விலாவெலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், வெற்றுடலில், நாடா தரைக்கு இணையாக இருக்க, இயல்பாக மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளிழுப்பது நாடாவை அன்று, நம்மையே ஏமாற்றுவதாகும். இழுபட்டு நீண்ட பழைய நாடாவைக் களைந்துவிடுக.

நாடாவும் இல்லாதவர்க்கு நெசவாளர் வீட்டு வழி ஒன்று உண்டு. இழுபடாத கயிற்றைத் தம் உயரத்திற்கு அறுத்து, இரண்டாக மடித்து, இடுப்பைச் சுற்றிப் பார்க்கலாம். முனைகள் எட்டினால் நலம்; எட்டாவிடில் எச்சரிக்கை. இடுப்பு உயரத்தின் பாதிக்குள் இருக்கவேண்டும் என்ற இவ்விதியை இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டிக் குழுவும் 2022இல் பரிந்துரைத்தது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

1. விலையுயர்ந்த தட்டை வாங்குமுன், நல்ல நாடா, உயரம் அளக்கும் கோல், முத்திரையிட்ட எடைத் தராசு ஆகிய மூன்றும் சங்கத்தில் உள்ளனவா என்று பார்க்கவும்.

2. அங்கத்தினருள் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் அளக்கும் பயிற்சி தந்து, அவர்களே தொடர்ந்து அளக்குமாறு செய்யவும். ஒவ்வொருவரையும் இருமுறை அளந்து, இரண்டும் ஒத்தால் மட்டும் பதிவு செய்யவும்.

3. தட்டு ஏற்கெனவே இருப்பின், விடியற்காலையில், உண்ணுமுன், சிறுநீர் கழித்தபின், ஒரே தட்டில் அளக்கவும். ஒரு நாள் எண்ணை விட்டுவிட்டு, பல மாதப் போக்கை நோக்கவும்.

4. அங்கத்தினரின் அளவுகள் அவரவர் சொத்து. பலகையில் எழுதிப் பிறர் நகைக்க இடங்கொடுக்கலாகாது.

5. எந்தக் கருவியும் நோயை முடிவு செய்வதில்லை. அபாயம் தென்பட்டவரை இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவதோடுதான் அளவின் வேலை நிறைவுறுகிறது.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க

மாறாத தராசுக்கும் மெய்யான தராசுக்கும் வேறுபாடு என்ன? மின்சாரத் தட்டின் எண் காலையும் மாலையும் வேறுபடுவது ஏன்? மெலிந்த அங்கத்தினர் ஒருவர் அளக்க வர மறுத்தால் அவருக்கு என்ன விளக்கம் கூறுவீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு விடை தெரிந்த அங்கத்தினர் ஒருவர் ஒவ்வொரு சங்கத்திலும் இருப்பாரானால், இப்பாடம் தன் பயனைப் பெற்றதாகும். மீஞ்சூர் உழவரும் காலடிப்பேட்டை நெசவாளரும் தம் விளைபொருளுக்குச் சரியான அளவைக் கேட்டுப் பெறும் உரிமையுடையவர்கள். தம் உடலுக்கும் அதே உரிமையைக் கோருவார்களாக.